குடந்தை நகர உயர்நிலைப் பள்ளியும் அதன் கல்வி முறையும்

கல்வி வரலாறு எழுதுவோர் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தரும் இடத்தை உயர்நிலைப் பள்ளிகளுக்குத் தருவதில்லை. சட்டங்களும் ஆணைக்குழு அறிக்கைகளும் விரிவாக ஆராயப்படுகின்றன. அச்சட்டங்களின்கீழ் ஒரு சிற்றூர்ச் சிறுவன் எவ்வகுப்பில் எதனைப் படித்தான், எம்மொழியில் படித்தான், அவனை ஆசிரியர் எவ்வாறு நடத்தினர் என்பன கேட்கப்படுவதே அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழகத்து நடுத்தர நகரங்களில் தோன்றிய உயர்நிலைப் பள்ளிகளே புதிய கல்வியைப் பெரும்பாலான குடும்பங்களின் வாயிலுக்குக் கொணர்ந்தன. கல்லூரிப் படியை மிதியாதவரும் இப்பள்ளிகளின் வழியாகவே ஆங்கிலத்தையும் புதிய கணக்கையும் நிலநூலையும் அறிந்தனர். அத்தகைய பள்ளிகளுள் ஒன்றாகிய குடந்தை நகர உயர்நிலைப் பள்ளியை எடுத்துக்கொண்டு, அதன் தோற்றத்தையும் கல்வி முறையையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பள்ளியைத் தேர்ந்தமைக்குக் காரணம் வெளிப்படை. கணித மேதை சீனிவாச இராமானுசன் இங்குப் பயின்றவர். அவரைப் பற்றிய குறிப்புகள் பல கிடைத்தலால், பிற பள்ளிகளுக்குக் கிட்டாத ஒரு நன்மை இதற்குக் கிட்டியுள்ளது. ஒரு மாணவனின் கல்வியைப் படிவம் படிவமாகத் தொடர்ந்து காண இயல்கிறது. மற்றொரு காரணமும் உண்டு. இராமானுசனைப் பள்ளிக் கல்வி அறிந்துகொள்ளவில்லை, தேர்வு முறை அவரை வீழ்த்தியது என்னும் கருத்து மேடைகளிலும் பாடநூல்களிலும் பன்முறை சொல்லப்பட்டு வழக்கில் நிலைத்துவிட்டது. அக்கருத்து எத்துணை உண்மை என்பதைப் பள்ளியின் பக்கம் நின்று நோக்குதல் வேண்டும்.

குடந்தை எனப்படும் கும்பகோணம் காவிரிக்கும் அரிசிலாற்றுக்கும் இடையே அமைந்த ஊர். கோயில்களாலும் மகாமகத்தாலும் புகழ்பெற்றது. பட்டு நெசவும் பித்தளைப் பாத்திரத் தொழிலும் வெற்றிலை வாணிகமும் மிக்கது. 1901-ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி ஏறக்குறைய 60,000 பேர் இங்கு வாழ்ந்தனர். அந்நாளில் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர் மாவட்டத் தலைநகர் அன்று. ஆயினும் கல்வியில் தலைநகரை ஒத்தும் சிற்சில வகையில் விஞ்சியும் நின்றது. 1854-இல் அரசினர் இங்குத் தொடங்கிய பள்ளி 1867-இல் கல்லூரி நிலை பெற்றது. வில்லியம் ஆர்ச்சர் போர்ட்டர் என்னும் ஆங்கிலேயர் அதன் முதல்வராக இருந்து அதற்குப் பெருமை தேடித் தந்தார். அவர் பெயரால் நகரில் ஒரு மண்டபமும் உண்டு. தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என அக்கல்லூரியைப் பாராட்டியழைக்கும் வழக்கம் அக்காலத்தில் எழுந்தது. பாராட்டில் சிறிது மிகை இருப்பினும், ஊரார் கல்வியைத் தம் ஊரின் அடையாளமாகக் கருதினர் என்பதற்கு அது சான்று.

இச்சூழலில், 1864-ஆம் ஆண்டில் நகர உயர்நிலைப் பள்ளி தோன்றிற்று. காலம் நோக்கத்தக்கது. சர் சார்லசு உட் என்பாரின் கல்வி அறிக்கை வெளிவந்தது 1854-இல். சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது 1857-இல். உட் அறிக்கை, அரசே எல்லாப் பள்ளிகளையும் நடத்துதல் இயலாது என்பதை ஒப்புக்கொண்டு, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு உதவித்தொகை வழங்கும் முறையைப் பரிந்துரைத்தது. பல்கலைக்கழகமோ மெட்ரிகுலேசன் என்னும் நுழைவுத் தேர்வை ஏற்படுத்தி, அத்தேர்வுக்கு மாணவரை ஆயத்தம் செய்தலே உயர்நிலைப் பள்ளியின் தொழில் என்னும் நிலையைத் தோற்றுவித்தது. ஒன்று பொருளைத் தந்தது. மற்றொன்று குறிக்கோளைத் தந்தது. குடந்தைப் பள்ளி இவ்விரண்டின் பயனாக எழுந்ததாகும்.

பெரிய தெருவில் இரண்டு வீடுகளில் முதல் வகுப்புகள் நடைபெற்றன. 1880-க்குப் பின்னர் ஊர்ப் பெரியோர் சிலர் கூடி நிர்வாகக் குழு ஒன்றை அமைத்தனர். பழைய வீடுகள் இருந்த இடத்தில் புதிய கட்டடம் எழுந்தது. அரசுப் பள்ளியுமன்று, சமயத் தொண்டர் பள்ளியுமன்று. ஊரவரின் பொறுப்பில், அரசின் உதவித்தொகையும் மாணவர் தரும் கட்டணமும் கொண்டு நடந்த பள்ளி இது. இன்றும் அரசு உதவி பெறும் பள்ளியாகவே விளங்குகிறது. 'நகரப் பள்ளி' என்னும் பெயர் இவ்வகையில் பொருத்தமுடையது. ஓர் ஊரின் நிலையான குடிகள் தம் பிள்ளைகளுக்காகத் தாமே நடத்திய பள்ளியாதலின், மாணவர் குடும்பங்களை நிர்வாகத்தார் அறிந்திருத்தல் இயல்பாயிற்று. இச்செய்தியைப் பின்னர் மீண்டும் கருதுவோம்.

ஊரில் வேறு பள்ளிகளும் இருந்தன. வலங்கைமானில் பிறந்து பின்னர் ஆங்கில நாவன்மையால் உலகப் புகழ் பெற்ற வி. எஸ். சீனிவாச சாத்திரியார் குடந்தையிலிருந்த நேட்டிவ் உயர்நிலைப் பள்ளியில் பயின்றவர். ஒரே நகரில் இருபெரும் உயர்நிலைப் பள்ளிகள் நடைபெறும் அளவுக்கு மாணவர் திரண்டனர் என்பது இதனாற் போதரும்.

நகரப் பள்ளியின் அளவைப் பற்றி ஒரு குறிப்பு கிடைக்கிறது. இராமானுசன் மாணவராயிருந்த நாளில் ஏறக்குறைய 1,200 மாணவரும் முப்பத்தைந்து ஆசிரியர் வரையிலும் அங்கு இருந்தனர். ஆசிரியர் ஒருவருக்குச் சராசரி முப்பத்து நான்கு மாணவர்! இன்றைய பல பள்ளிகள் இவ்விகிதத்தைக் கண்டு பொறாமை கொள்ளலாம். மக்கள் தொகையோடு ஒப்பிடின், ஊரில் ஐம்பது பேருக்கு ஒருவர் இவ்வொரு பள்ளியின் மாணவர் என்றாகும். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து வந்து உறவினர் இல்லங்களில் தங்கிப் படித்தோரும் இத்தொகையில் அடங்குவர் எனினும், இது சிறிய எண் அன்று. அதே வேளையில், படித்தோர் யாவர் என்னும் வினாவையும் தவிர்த்தல் தகாது. கட்டணம் செலுத்தவல்ல குடும்பத்தாரும், எழுத்தறிவைத் தொழிலாகக் கொண்ட வகுப்பாருமே பெரும்பாலும் இதனாற் பயன் பெற்றனர். ஊரின் நெசவாளர், உழவர் பிள்ளைகளுக்கு இதன் கதவு எளிதில் திறந்திலது.

இனி, கல்வி முறையைக் காண்போம். தொடக்கப் பள்ளியின் மேல் ஆறு படிவங்கள். முதல் மூன்றும் கீழ்ப்படி; நான்கு முதல் ஆறு வரை மேற்படி. ஆறாம் படிவத்தின் முடிவில் மெட்ரிகுலேசன். கல்வியாண்டு சனவரியில் தொடங்கி, திசம்பரில் தேர்வோடு முடிந்தது. ஆங்கிலம், இரண்டாம் மொழி, கணக்கு, வரலாறும் நிலநூலும், தொடக்க அறிவியல் ஆகியவை பாடங்கள். இரண்டாம் மொழியாகத் தமிழையோ வடமொழியையோ கொள்ளலாம். தேர்வு ஆங்கிலத்தில் நடந்தமையால், மேற்படிவங்களில் மொழிப்பாடம் ஒழிந்த அனைத்தும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பெற்றன.

இம்முறை வருமுன் ஊர்ப் பிள்ளைகள் படித்தது திண்ணைப் பள்ளியில். அங்கு எண்சுவடியை மனப்பாடம் செய்தனர். முந்திரி, காணி, மா, கால், அரை எனக் கீழ்வாய் இலக்கத்தை வாயாற் சொல்லிப் பழகினர். முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரியைக் கூட்டவும் பெருக்கவும் வல்ல சிறுவர் அக்காலத்துத் தமிழகத்தில் பலர். உயர்நிலைப் பள்ளி இக்கணக்கைத் தொடரவில்லை; ஒதுக்கிவிட்டு வேறோர் இடத்திலிருந்து தொடங்கிற்று. இதனால் நிகழ்ந்த இழப்பு எத்தகையது என்பது தனி ஆராய்ச்சிக்குரியது. இராமானுசன் இவ்விரு உலகங்களையும் கண்டவர் என்பதை மட்டும் இங்குக் குறித்தல் போதும். 1892-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், விசயதசமியன்று, அவர் திண்ணைப் பள்ளியில் சேர்க்கப்பெற்றார். பின்னர்க் குடந்தைக் காங்கேயன் தொடக்கப் பள்ளியிலும், இடையே சில திங்கள் சென்னையிலும் பயின்றார். சென்னையில் பள்ளி செல்ல மறுத்த அவரை அச்சுறுத்திச் செலுத்தக் காவலர் ஒருவரின் உதவியை வீட்டார் நாடினர் என்பது சுவையான செய்தி.

நகரப் பள்ளியில் அவர் சேர்ந்த காலத்தைப் பற்றி இருவகைக் கூற்று உள்ளது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆர்டி எழுதிய இரங்கலுரை, ஏழு வயது நிரம்புமுன் அவர் இப்பள்ளிக்கு மாற்றப்பெற்றார் என்கிறது. இதன்படி 1894 ஆகும். பின்வந்த வரலாற்றாசிரியரோ 1898 சனவரி என்பர். பிற்கூற்றே பொருந்துவது என்பதற்குப் பள்ளியின் படிவ அமைப்பே சான்று பகர்கிறது. அவர் மெட்ரிகுலேசன் தேறியது 1903 திசம்பரில். அவ்வாண்டு ஆறாம் படிவத்தில் இருந்தார் என்பதில் ஐயமில்லை. ஆறு படிவங்களுக்கு ஆறு ஆண்டு என்று பின்னோக்கி எண்ணின், முதற்படிவம் 1898-இல் அமைகிறது. 1897 நவம்பரில் ஆங்கிலம், தமிழ், கணக்கு, நிலநூல் ஆகியவற்றில் நடந்த தொடக்கநிலைத் தேர்வில் அவர் மாவட்டத்திலேயே முதன்மை பெற்றார் என்னும் செய்தியும் இதனோடு இயைகிறது. 1894-இல் சேர்ந்தவராயின், ஒருமுறையும் தவறாத மாணவர் ஆறு படிவத்தைக் கடக்க ஏறத்தாழப் பத்தாண்டு கொண்டார் என்று கொள்ள நேரும், அது பொருந்தாது. ஆர்டி குடந்தையைக் கண்டவரல்லர். பிறர் எழுதியனுப்பிய குறிப்புகளைக் கொண்டே எழுதினார். ஆண்டுக் கணக்கில் நேர்ந்த பிறழ்ச்சியை அவர்மேல் ஏற்றுதல் முறையன்று.

இவ்வாண்டுக் கணக்கு உறுதிப்பட்டதும், சேசு ஐயரும் இராமச்சந்திர ராவும் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு நமக்கு மிகவும் பயன்படுவதாகிறது. 1927-இல் கேம்பிரிட்ஜில் வெளிவந்த இராமானுசன் ஆய்வுரைத் தொகுதியின் முன்னே அக்குறிப்பு இடம்பெற்றுள்ளது. நிகழ்ச்சிகளை ஆண்டாற் குறியாமல் படிவத்தாற் குறிக்கும் அதன் முறை, மேதையின் வரலாற்றை மட்டுமன்றிப் பள்ளியின் பாடத்திட்டத்தையும் மறைமுகமாகக் காட்டுகிறது.

இரண்டாம் படிவத்தில், அதாவது 1899-இல், கணிதத்தின் மிக உயர்ந்த உண்மை யாது என அவர் மேல்வகுப்பு மாணவரைக் கேட்டனராம். பித்தாகோரசின் தேற்றமே அது என்றனர் சிலர். வேறு சிலரோ, 'பங்குகளும் பத்திரங்களும்' என்னும் கணக்கே உயர்ந்தது என்றனர்! நகைப்புக்குரிய விடையாகத் தோன்றினும், இதனுள் அக்காலக் கல்வியின் படம் அடங்கியுள்ளது. இலண்டன் வாணிகரின் பங்கு மாற்றையும் கழிவுத் தொகையையும் கணக்கிடும் பயிற்சி காவிரிக் கரைச் சிறுவனுக்குக் கணக்கின் சிகரமாகக் காட்டப்பட்டது. அரசு அலுவலகங்களுக்கும் வாணிக நிலையங்களுக்கும் எழுத்தரை ஆக்கித் தரும் நோக்கம் பாடத்திட்டத்தின் உச்சியிலேயே அமர்ந்திருந்தமை இதனாற் புலனாகும். பித்தாகோரசையும் பங்குப் பத்திரத்தையும் ஒரே தட்டில் வைத்த மாணவரைக் குறைகூற இடமில்லை. அவர்கள் கைக்கு எட்டிய நூல் அவ்விரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருந்தது.

மூன்றாம் படிவத்தில் ஆசிரியர், எவ்வெண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று கிடைக்கும் என்று விளக்கினார். சுழியைச் சுழியால் வகுத்தாலும் ஒன்றுதானோ என்று இராமானுசன் எழுந்து வினவினார் என்பர். செவிவழி வந்த செய்தியாகலின் இதன் சொற்களை வற்புறுத்த வேண்டுவதில்லை. வினா எழுப்பிய சிறுவன் தண்டிக்கப்பட்டான் என்று எவரும் எழுதவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. ஏறத்தாழ இக்காலத்திலேயே கூட்டுத்தொடர், பெருக்குத்தொடர், இசைத்தொடர் ஆகியவற்றின் பண்புகளை அவர் அறிந்துகொண்டார்.

நான்காம் படிவத்தில் திரிகோண கணிதம். பக்கத்து வீட்டிலிருந்த பி. ஏ. மாணவர் ஒருவரிடம் லோனி எழுதிய நூலின் இரண்டாம் பகுதியை இரவல் பெற்றுப் படித்து, அதிலுள்ள கணக்குகளையெல்லாம் செய்து முடித்தார். கல்லூரியிற் பயில்வோர் தமக்கு விளங்காதவற்றை இப்பதின்மூன்று வயதுச் சிறுவரிடம் வந்து கேட்கலாயினர். ஐந்தாம் படிவத்தில், சைன், கோசைன் ஆகியவற்றுக்கு ஆய்லர் கண்ட தொடர்களைத் தாமே கண்டார். அவை முன்னரே காணப்பட்டவை என்று பின்னர் அறிந்து நாணி, எழுதிய தாள்களைக் கூரையுள் மறைத்து வைத்தார். அவ்வாண்டு, அதாவது 1902-இல், முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் முறையைக் கற்று, நாற்படிக்குத் தமக்கென ஒரு முறை வகுத்தார். ஐம்படிச் சமன்பாட்டுக்கு அவ்வாறு தீர்வு காணல் இயலாது என்பதை அறியாமல் அதனையும் முயன்றார். இயலாது என்று சொல்லத்தக்கவர் அந்நகரில் எவரேனும் இருந்திருப்பரோ என்பது ஐயம். சிறுநகர்ப் பள்ளியின் எல்லை இங்குத் தெளிவாகத் தெரிகிறது.

ஆறாம் படிவத்தில், 1903-இல், அவர் வாழ்வை மாற்றிய நூல் கைக்கு வந்தது. காவிரிக் கரையிலிருந்த அரசினர் கல்லூரியின் நூலகத்திலிருந்து நண்பர் ஒருவர் வாயிலாகக் கிடைத்தது அது. கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த அந்நூலில் 6,165 முடிவுகள் எண்ணிட்டு அமைக்கப்பெற்றுள்ளன. நிறுவல்கள் மிகச் சுருக்கம், பல இடங்களில் முன்னெண்ணைச் சுட்டுவதோடு நின்றுவிடும். கார் பெருங்கணிதர் அல்லர்; தேர்வுக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் தனிப்பயிற்சி ஆசிரியர். கேம்பிரிட்ஜ்த் தேர்வுக்கென எழுந்த கைந்நூல் ஒன்று, குடந்தையில் தேர்வையே மறக்கச் செய்தது! நம் இலக்கண மரபில் நூற்பாவை மட்டும் பெற்று உரையைத் தாமே கண்ட மாணாக்கர் உண்டு. இராமானுசன் அந்நூலைப் பயின்ற முறை அதனை ஒத்தது எனலாம். இந்நூலைத் தந்தது பள்ளி அன்று. கல்லூரி நூலகமே என்பதையும் மறைத்தல் ஆகாது.

பள்ளி அவரை எவ்வாறு நடத்திற்று? தொடக்கநிலைத் தேர்வில் பெற்ற முதன்மைக்காகக் கட்டணத்தில் பாதி குறைக்கப்பெற்றது. ஆண்டுதோறும் தகுதிச் சான்றிதழ்களும், பரிசாக ஆங்கிலக் கவிதை நூல்களும் கிடைத்தன. கணக்கில் வென்றவனுக்கு ஆங்கிலக் கவிதையைப் பரிசளித்தது அக்காலப் பள்ளிகளின் மனப்போக்கு. கணபதி சுப்பையர் என்னும் மூத்த கணித ஆசிரியர், பள்ளியின் 1,200 மாணவரையும் முப்பத்தைந்து ஆசிரியரையும் வகுப்புகளில் பொருத்தி நேர அட்டவணை வகுக்கும் பணியில் இம்மாணவரை ஈடுபடுத்தினார். இது பாராட்டுரையினும் மேலானது. ஆசிரியர் தாம் செய்யவேண்டிய பணியை மாணவன் தம்மினும் நன்கு செய்வான் என்று ஏற்றுக்கொண்டு, பள்ளியின் நடைமுறையையே அவனிடம் ஒப்படைத்தார். 1904-இல் கே. இரங்கநாத ராவ் பெயரால் அமைந்த கணிதப் பரிசை வழங்குங்கால், தலைமையாசிரியர் கிருட்டிணசாமி ஐயர், முழு மதிப்பெண்ணுக்கும் மேலான மதிப்பெண் தரத்தக்கவர் இவர் என்னும் கருத்துப்பட அவையினர்க்கு அறிமுகம் செய்தார். மதிப்பெண் என்னும் அளவுகோல் போதாது என்பதை அதனைக் கையாளும் தலைமையாசிரியரே அவையில் ஒப்புக்கொண்டது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆகவே, பள்ளி அறிந்துகொள்ளவில்லை என்னும் கூற்று நிலைபெறாது. வீழ்ச்சி அதன்பின் நிகழ்ந்தது. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் காட்டிய திறமைக்காக வழங்கப்பெறும் உதவித்தொகையுடன் 1904-இல் அரசினர் கல்லூரியின் எஃப். ஏ. வகுப்பிற் சேர்ந்தார். ஆங்கிலம், கணிதம், உடலியல், கிரேக்க உரோம வரலாறு, வடமொழி ஆகியவை அங்குப் பாடம். கார் நூலில் ஆழ்ந்தவர் ஏனையவற்றைக் கைவிட்டார். ஆங்கிலக் கட்டுரைத் தேர்வில் தவறவே உதவித்தொகை நின்றது. பருவமொன்றுக்குக் கட்டணம் 32 ரூபாய். துணிக்கடைக் கணக்கராகிய தந்தையின் மாத வருவாய் 20 ரூபாய். தாயார் சென்று முறையிட்டும் பயனில்லை. 1905-இல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் சென்றார். 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். 1907-இல் எழுதிய எஃப். ஏ. தேர்வில் கணிதம் ஒழிந்தவற்றில் தோல்வியுற்றார்.

விதி ஒன்றே என்பதை இங்கு நோக்க வேண்டும். மெட்ரிகுலேசனிலும் எல்லாப் பாடத்திலும் தேறுதல் வேண்டும். அதில் அவர் தேறினார். ஆங்கிலத்தில் அவர் வலியற்றவர் அல்லர் என்பதற்குக் கல்லூரி தந்த உதவித்தொகையே சான்று. பின் வேறுபாடு யாதெனின், அறிந்தோர் நடத்திய பள்ளியினின்றும் அறியாதார் நடத்திய கல்லூரிக்குச் சென்றதே எனல் வேண்டும். ஊரார் நடத்திய பள்ளியில் கட்டணச் சலுகை குடும்பத்தின் நிலையையும் மாணவனின் திறத்தையும் ஒருங்கு கருதி அமைந்தது. ஆறாண்டு கண்ணெதிரே வளர்ந்தவனை ஆசிரியர் ஆளாக அறிந்திருந்தனர். கல்லூரியின் உதவித்தொகையோ தேர்வுத் தாளோடு பிணைந்தது. தாள் தவறின் தொகையும் தவறும். காவிரிக் கரைக் கல்லூரியில் தம்மை அறிந்த ஒருவர் அவருக்குக் கிட்டுமுன் ஆண்டு முடிந்துவிட்டது.

1913 சனவரியில் ஆர்டிக்கு எழுதிய புகழ்மிக்க மடலில், தமக்குப் பல்கலைக்கழகக் கல்வி இல்லை என்றும், பள்ளிப் பாடத்தை முறையாகப் பயின்றதாகவும் இராமானுசன் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். இரு கல்லூரிகளிற் கழிந்த காலம் அவர் கணக்கில் சேரவில்லை. நகரப் பள்ளியில் பெற்றதையே கல்வி எனக் கொண்டார். அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் பெறாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது என்பதையும் நடுநிலையோடு குறித்தல் வேண்டும்.

தமிழாய்வாளர் கருதத்தக்க செய்தி மற்றொன்று உண்டு. இராமானுசன் பள்ளியிற் பயின்ற 1898 முதல் 1903 வரையுள்ள ஆறாண்டும், உ. வே. சாமிநாதையர் அதே நகரில் அரசினர் கல்லூரித் தமிழாசிரியராக இருந்தார். தியாகராச செட்டியாருக்குப்பின் 1880-இல் அப்பணியை ஏற்ற ஐயர், குடந்தையிலிருந்த காலத்திலேயே சிந்தாமணியையும் (1887) பத்துப்பாட்டையும் (1889) சிலப்பதிகாரத்தையும் (1892) புறநானூற்றையும் (1894) பதிப்பித்தார். இராமானுசன் முதற்படிவத்திற் சேர்ந்த 1898-இல் மணிமேகலை வெளிவந்தது. அவர் மெட்ரிகுலேசன் எழுதிய 1903-இல் ஐங்குறுநூறு வெளிவந்தது. ஐயரும் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம் பெற்றார். தமிழர் தம் பழம்பெரும் இலக்கியத்தை மீட்டெடுத்ததும், புதுக் கணிதத்தின் முன்வரிசையை ஒரு தமிழ்ச் சிறுவர் எட்டியதும் ஒரே காலத்தில், சில தெருக்களின் இடையீட்டில் நிகழ்ந்தன.

ஆயினும் அவ்விரு பணிகளுக்கும் இடையே பள்ளிப் பாடத்திட்டம் ஒரு சுவரை எழுப்பியிருந்தது. தமிழ் இரண்டாம் மொழி; அதனையும் கொள்ளாது விடலாம். தமிழாசிரியரின் ஊதியமும் மதிப்பும் பிற ஆசிரியரினும் தாழ்ந்தே இருந்தன. கணிதம் ஆங்கிலத்தின் உடைமை. இராமானுசனுடைய குறிப்பேடுகள் ஆங்கிலத்தில் அமைந்ததும், அவற்றின் குறியீடுகள் கார் நூலை ஒட்டியதும் இதன் விளைவே. அவர் தமிழில் எழுதியிருப்பின் ஆர்டி படித்திருக்க மாட்டார் என்று கூறுவர். அது உண்மை, எனினும் அவ்வுண்மை வினாவை ஒழிப்பதில்லை. நகரப் பள்ளியின் 1,200 மாணவருள் ஆங்கிலத் தடையால் கணக்கின் பொருளை உணராது ஒழிந்தோர் எத்துணையர்? அவருள் எவருக்கும் வாழ்க்கை வரலாறு எழுதப்படவில்லை. ஒருவரின் வெற்றியைக் கொண்டு பயிற்றுமொழியை அளத்தல் ஆய்வு முறையாகாது.

மாற்றம் மெல்லவே வந்தது. மெட்ரிகுலேசனுக்கு ஈடாகப் பள்ளியிறுதிச் சான்றிதழ் முறை 1911-ஐ ஒட்டி நடைமுறைக்கு வந்தது. பள்ளியின் அன்றாடப் பணிக்கும் மதிப்புத் தர முனைந்தது அது. 1916-இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியாரும் வேங்கடசுப்பையரும் அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் முயற்சியைத் தொடங்கினர். 1930-களின் இறுதியில் உயர்நிலைப் பள்ளிகளில் மொழி ஒழிந்த பாடங்களைத் தாய்மொழியிற் கற்பிக்கும் முறை பரவிற்று. பங்குகளும் பத்திரங்களும் தமிழ் பேசத் தொடங்கியது அப்போதுதான்.

எஃப். ஏ. வகுப்பின் பின்வரலாறு நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. 1904-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின் பின் அது இண்டர்மீடியட் ஆயிற்று, 1950-களின் நடுவில் ஓராண்டுப் புகுமுக வகுப்பாகச் சுருங்கிற்று, கல்லூரியிலேயே தங்கியிருந்தது. 1978-79 கல்வியாண்டில் மேல்நிலைக் கல்வி தமிழகத்தில் வந்தபோது, அவ்விடைநிலைக் கல்வி கல்லூரியினின்றும் பள்ளிக்குப் பெயர்ந்தது; 1980-இல் முதற் பொதுத்தேர்வு நடந்தது. மாணவர் பாடப்பிரிவுகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். கணிதம் விரும்புவோர் கிரேக்க உரோம வரலாற்றைப் படிக்க வேண்டுவதில்லை. குடந்தை நகர உயர்நிலைப் பள்ளி நகர மேல்நிலைப் பள்ளியாயிற்று. இராமானுசன் காவிரிக் கரையில் இழந்த அந்த ஈராண்டு, இன்று அவர் நேர அட்டவணை வகுத்த பள்ளியின் வளாகத்துக்குள்ளேயே நடைபெறுகிறது.